@-க்கு வலது பக்கம் பாருங்க

புதுசா மெயில் கத்துக்கிறவங்களுக்குன்னு தமிழ்ல வர்ற பாடங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் எரிச்சலா இருக்கு. இன்பாக்ஸ்னா வந்த மெயில் இருக்கிற இடம், டிராஃப்ட்னா பாதி எழுதி வெச்சது, சென்ட்னா அனுப்புறது... இப்படிப் பட்டன் பட்டனா முப்பது சொல்லுக்கு விளக்கம். தப்புன்னு சொல்லலை. ஆனா இதெல்லாம் ஒரு வாரம் அந்த ஆப்பைத் தட்டிக்கிட்டிருந்தா தானா பிடிபட்டுடும். தானா பிடிபடாத சங்கதி ஒண்ணு இருக்கு, அதைக் கடைசிப் பக்கத்துல ஒரே வரியில முடிச்சுடறாங்க. மெயில் அட்ரஸ் நடுவுல @-ன்னு ஒரு சுழி வருதில்ல, அதுக்கு வலது பக்கம் இருக்கிறது. டொமைன். மெயிலால காசு பறிகொடுத்தவங்க, அக்கவுன்ட்டைத் தொலைச்சவங்க, போலி வேலை ஆர்டரை நம்பினவங்க கதைகளை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் அந்த வலது பக்கத்தைப் படிக்காம விட்ட இடத்துலதான் தொடங்கியிருக்கும். அதனால பாடமும் அங்கேருந்துதான் தொடங்கணும்ங்கிறது என் கட்சி.

சரி, பட்டன்களை ஒரே மூச்சுல முடிச்சிடலாம். 'டு'வுல போடறது யாருக்கு எழுதறீங்களோ அவங்க. 'சிசி'ல போடறது தெரிஞ்சுக்கட்டும்னு காப்பி போறவங்க (டைப்ரைட்டர் காலத்து கார்பன் காப்பிதான் இது). 'பிசிசி'ல போட்டா அவங்களுக்கும் காப்பி போகும், ஆனா அவங்க பேரு வேற யாருக்கும் தெரியாது. நூறு பேருக்குக் கல்யாணப் பத்திரிகை அனுப்பறீங்கன்னா தயவுசெஞ்சு பிசிசி. இல்லேன்னா நூறு பேரோட அட்ரஸையும் நூறு பேருக்கும் விநியோகம் பண்ணின புண்ணியம் உங்களுக்கு. 'ரிப்ளை'ன்னா அனுப்புனவருக்கு மட்டும் பதில், 'ரிப்ளை ஆல்'னா அந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாருக்கும். (மேனேஜரைப் பத்தி எழுதுறதுக்கு முன்னாடி இது எதுன்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.) 'அட்டாச்மென்ட்'னா கூட இணைச்சு அனுப்புற ஃபைல். ஜிமெயில்ல மொத்தம் 25 எம்பி வரைக்கும்தான் போகும். 'ஸ்பாம்'னா கேட்காம வர்ற குப்பை. உங்களுக்கு வரவேண்டிய நல்ல மெயிலும் சில சமயம் அங்கே போய் விழுந்து கிடக்கும், எட்டிப் பார்க்கிறது நல்லது. அவ்வளவுதான்.

இப்ப அந்தச் சுழிக்கு வருவோம். 1971-ல அமெரிக்காவுல பிபிஎன்-ங்கிற கம்பெனியில வேலை பார்த்த ரே டாம்லின்சன், ஒரு கம்ப்யூட்டர்லேருந்து நெட்வொர்க் வழியா இன்னொரு கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளுக்குச் செய்தி அனுப்பறதுக்கு ஒரு புரோகிராம் எழுதினார். அதுக்கு முன்னாடியும் ஒரே கம்ப்யூட்டரைப் பகிர்ந்துக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் குறிப்பு விட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க, அதுக்கு ஆள் பேரு போதும். வேற கம்ப்யூட்டர்னு வந்ததும் 'எந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆளு'ன்னு சொல்ல வேண்டியிருந்தது. அதுக்காகத்தான் ஆள் பேருக்கும் கம்ப்யூட்டர் பேருக்கும் நடுவுல @ வந்தது. மெயில் ஊரை விட்டு வெளியே போக ஆரம்பிச்சதே வலது பக்கம் ஒண்ணு சேர்ந்த பிறகுதான். 1980-கள்ல டொமைன் பேரு முறை வந்ததும், கம்ப்யூட்டர் பேரு இருந்த இடத்துல ஒரு நிறுவனத்தோட பேரு வந்து உட்கார்ந்தது. இடது பக்கம் உங்க பேரு, வலது பக்கம் உங்களுக்கு அந்தப் பேரைக் குடுத்தது யாருங்கிறது. இடது பக்கத்துல யார் வேணா என்ன பேரு வேணா வெச்சுக்கலாம், 'கலெக்டர்ஆபீஸ்'னு கூட, யாரும் எடுக்காம இருந்தாச் சரி. (ஜிமெயில்ல இடது பக்கம் நடுவுல புள்ளி வெச்சாலும் வெக்காட்டியும் ஒரே பெட்டிக்குத்தான் போகும், அவ்வளவு இளக்காரம்.) வலது பக்கத்துல ஒரு புள்ளி இடம் மாறினா ஆளே மாறிடும்.

படிக்கிறது எப்படின்னா, வலது கோடியிலேருந்து இடது பக்கமா. நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்கலாம். செங்கல்பட்டு 2019 நவம்பர் 29-ல தனி மாவட்டமாச்சு, அதுக்குன்னு மாவட்ட இணையதளமும் வந்தது: செங்கல்பட்டு டாட் என்ஐசி டாட் இன். கடைசியில இருக்கிற 'இன்' இந்தியா. அதுக்கு முன்னாடி இருக்கிற 'என்ஐசி' தேசிய தகவலியல் மையம், மத்திய அரசோட அமைப்பு. அந்த அமைப்பு தனக்குக் கீழே ஒதுக்கிக் குடுத்த பேருதான் 'செங்கல்பட்டு'. ஆக அதிகாரம் வலதுலேருந்து இடதுக்கு இறங்குது. இதே சொற்களை வேற வரிசையில போட்டுப் பாருங்க: செங்கல்பட்டு டாட் என்ஐசி டாட் இன் டாட் ஏதோஒண்ணு டாட் காம். கண்ணுக்கு முதல்ல படுறது செங்கல்பட்டும் என்ஐசியும். ஆனா கடைசியில நிக்கிறது ஏதோஒண்ணு டாட் காம், அதை வாங்கினவன் எவனோ. முன்னாடி இருக்கிற மத்ததெல்லாம் அவன் ஒட்டின ஸ்டிக்கர். புள்ளிக்குப் பதிலா நடுக்கோடு போட்டு 'என்ஐசி-இன் டாட் காம்'னு வாங்குறதும் இதே வித்தைதான். வெறும் டாட் இன் பேரை 2005-லேருந்து யார் வேணா வாங்கலாம். டாட் கவ் டாட் இன் அப்படிக் கிடைக்காது, அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான். 'இன்'னுல முடியுது, அரசாங்கமாத்தான் இருக்கும்னு நினைக்கிறவங்க இந்த வித்தியாசத்துலதான் சறுக்கறாங்க.

இது கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாசாரம், சாதாரண ஆளுக்கு எதுக்குன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. ரிசர்வ் வங்கி என்ன பண்ணிச்சுன்னு பாருங்க. 2025 பிப்ரவரியில, இந்திய வங்கிகளுக்குன்னே தனியா 'பேங்க் டாட் இன்'னு ஒரு முடிவு வரப்போகுதுன்னு அறிவிச்சது. ஏப்ரல்ல சுற்றறிக்கை விட்டு, அக்டோபர் 31-க்குள்ள எல்லா வங்கியும் தங்களோட டொமைனை அதுக்கு மாத்தணும்னு கெடு வெச்சது. ஹைதராபாத்ல இருக்கிற ஐடிஆர்பிடி மட்டும்தான் அந்தப் பேரைப் பதிவு பண்ணிக் குடுக்க முடியும், அதுவும் வங்கிக்கு மட்டும். அதாவது, போலி வங்கி மெயிலையும் போலி தளத்தையும் தடுக்கிறதுக்கு நாட்டோட மைய வங்கி தேர்ந்தெடுத்த வழியே வலது பக்கத்தை ஒழுங்குபடுத்தறதுதான். ஆனா அங்கே பார்க்கணும்னு ஜனங்களுக்குத் தெரியலைன்னா அவ்வளவு வேலையும் வீண். மதுராந்தகத்துல நகைக்கடன் வெச்சிருக்கிற ஒருத்தருக்கு 'டிராஃப்ட்'டுக்கு அர்த்தம் தெரியாட்டி ஒண்ணும் குடி முழுகாது. பேங்க் டாட் இன் எந்தப் பக்கம் வரணும்னு தெரியாட்டி முழுகலாம்.

அடுத்த குழப்பம், டொமைனும் சர்வரும் ஒண்ணுதான்னு நினைக்கிறது. சர்வர்னா உங்க மெயிலெல்லாம் நிஜமாவே உட்கார்ந்திருக்கிற கம்ப்யூட்டர். டொமைன் வெறும் பேரு. இந்தப் பேருக்கு வர்ற மெயிலை இந்த சர்வர்கிட்ட குடுன்னு சொல்ற ஒரு பதிவு இருக்கு, அதுக்கு எம்எக்ஸ் ரெக்கார்டுன்னு பேரு. மொபைல் நம்பரை மாத்தாம கம்பெனியை மட்டும் 'போர்ட்' பண்றோமில்ல, அதேதான் இங்கேயும்: பேரு அப்படியே இருக்கும், பின்னாடி வேலை பார்க்கிறவங்க மாறுவாங்க. இதுக்குப் பெரிய உதாரணம் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. கூடுவாஞ்சேரி பக்கம் வல்லாஞ்சேரியில, ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டி எஸ்டான்சியா வளாகத்துல இருக்கிற ஜோஹோ. 1996-ல அட்வென்ட்நெட்டுன்னு ஆரம்பிச்சு, 2009-ல ஜோஹோன்னு பேரை மாத்திக்கிட்ட கம்பெனி. ஜோஹோ மெயில் வந்தது 2008-ல. என்ஐசி நடத்திக்கிட்டிருந்த மத்திய அரசு மெயில், சுமார் 12 லட்சம் ஊழியர்களோடது, ஜோஹோவோட தளத்துக்கு மாறிடுச்சுன்னு 2025 அக்டோபர்ல செய்தி வந்தது. டெல்லியில இருக்கிற அதிகாரியோட அட்ரஸ் மாறுச்சா? இல்லை. என்ஐசி டாட் இன், கவ் டாட் இன் அப்படியேதான் இருக்கு. மாறினது பின்னாடி நிக்கிற ஆளு. (அதுக்காக அந்த மெயிலெல்லாம் கூடுவாஞ்சேரியில அடுக்கி வெச்சிருக்குன்னு நினைச்சுக்காதீங்க. ஜோஹோவோட இந்திய டேட்டா சென்டர்கள் மும்பையிலயும் சென்னையிலயும் இருக்கு. ஆபீஸ் வேற, பெட்டி வேற.)

பேரு வேற, பெட்டி வேறங்கிறதுக்கு எதிர்ப்பக்கத்து உதாரணமும் அதே கம்பெனிதான். 2018 செப்டம்பர் 24-ல ஜோஹோ டாட் காம்ங்கிற பேரையே, அதைப் பதிவு செஞ்சு வெச்சிருந்த ரெஜிஸ்ட்ரார் திடீர்னு நிறுத்தி வெச்சுட்டார். (ரெஜிஸ்ட்ரார்னா டொமைன் பேரைப் பதிவு பண்ணிக் குடுக்கிற கம்பெனி.) ஜோஹோ மெயிலைப் பயன்படுத்தி எவனோ ஃபிஷிங் பண்றான்னு வந்த புகார்தான் காரணம்னு சொன்னாங்க. ஃபிஷிங்னா வங்கி மாதிரியோ அரசாங்கம் மாதிரியோ வேஷம் போட்டு, உங்க பாஸ்வேர்டை உங்க வாயாலேயே சொல்ல வைக்கிறது. சர்வர் ஓடிக்கிட்டேதான் இருந்தது, மெயிலும் உள்ளே பத்திரமாத்தான் இருந்தது, ஆனா போற வழிக்குப் பேரு இல்லை. உலகம் பூரா ஜோஹோவுல தொழில் நடத்தறவங்க கதவு தெரியாம நின்னாங்க. அப்போ அதோட தலைவரா இருந்த ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல உதவி கேட்டு எழுத வேண்டியதாச்சு. ஆயிரக்கணக்குல எஞ்சினியர்கள் இருக்கிற கம்பெனிக்கே வலது பக்கம் யார் கையில இருக்குங்கிறது ஒரு நாள்ல தலைபோற விஷயமாச்சுன்னா, மெயில் கத்துக்கிறவங்ககிட்ட அதை மறைச்சு வைக்கிறதுல என்ன லாபம்?

இப்ப எனக்கு எதிரா வர்ற பலமான வாதத்தையும் சொல்லிடறேன். வலது பக்கத்தையே பொய்யா போட முடியுமே, அப்புறம் அதைப் பார்த்து என்ன பிரயோஜனம்? முடியும், நிஜம்தான். மெயிலை ஒரு சர்வர்லேருந்து இன்னொரு சர்வருக்குக் கடத்துற எஸ்எம்டிபி-ங்கிற முறை 1982-ல எழுதினது. பெரும்பாலும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்ச ஆராய்ச்சிக்காரங்க இருந்த நெட்வொர்க் அது, 'ஃப்ரம்'ல போட்டிருக்கிறது உண்மையான்னு கேக்கிற பழக்கமே அதுக்கு இல்லை. ஓட்டையை அடைக்கத்தான் பின்னாடி மூணு பூட்டு போட்டாங்க. எஸ்பிஎஃப்: என் பேர்ல மெயில் அனுப்ப இந்தெந்த சர்வருக்குத்தான் அனுமதின்னு டொமைன்காரர் பட்டியல் போட்டு வைக்கிறது. டிகிம்: ஒவ்வொரு மெயில்லயும் டொமைனோட டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க்: இந்த ரெண்டும் ஒத்துவரலைன்னா அந்த மெயிலை ஸ்பாம்ல தள்ளணுமா, வாசல்லயே திருப்பி அனுப்பணுமான்னு டொமைன்காரரே சொல்லி வைக்கிறது. 2024 பிப்ரவரியிலேருந்து ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல மெயில் அனுப்புறவங்க இந்த மூணையும் வெச்சிருக்கணும்னு ஜிமெயில் கட்டாயம் ஆக்கிடுச்சு, யாஹூவும் அதே காலத்துலதான். பூட்டு மூணும் காவல் காக்கிறது எதை? வலது பக்கத்தை மட்டும். இடது பக்கப் பேருக்கோ, அதுக்கு மேல பெரிய எழுத்துல வர்ற டிஸ்பிளே நேமுக்கோ எந்தக் காவலும் கிடையாது. நல்லாப் பூட்டின டொமைன் பேர்ல பொய் அனுப்பறது கஷ்டமானதும், திருடன் என்ன பண்றான்? டிஸ்பிளே நேம்ல 'வாடிக்கையாளர் சேவை'ன்னு போட்டு, கீழே ஒரு ஜிமெயில் அட்ரஸ் வெச்சுக்கறான். போன்ல மேலே பேரு மட்டும்தான் தெரியும்னு அவனுக்குத் தெரியும். அந்தப் பேருக்குக் கீழே இருக்கிற குட்டி அம்புக்குறியைத் தட்டினா முழு அட்ரஸும் வரும். ஜிமெயில்ல 'மெயில்டு பை', 'சைன்டு பை'ன்னு இன்னும் ரெண்டு வரியும் வரும். அங்கே இருக்கிறதும் டொமைன் பேருதான்.

மாமல்லபுரத்துக்கு இதை வெச்சுப் பார்த்தா விஷயம் இன்னும் தெளிவாகும். அங்கே கல்லு கொத்துற பட்டறைகளுக்கு வெளிநாட்டுக் கோயில்கள்லேருந்து ஆர்டர் வர்றது எல்லாருக்கும் தெரிஞ்சது. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் 2017-லேயே கிடைச்சாச்சு. இப்படிப்பட்ட வியாபாரத்துல முதல்ல மெயில்ல படம் போகும், அளவு போகும், அப்புறம் பேரம், முன்பணம், கப்பல்ல ஏத்தினதும் மீதிப் பணம். மாசக்கணக்கா நீள்ற கடிதப் போக்குவரத்து. ரெண்டு பேர்ல ஒருத்தரோட பாஸ்வேர்டு திருட்டுப் போயிருந்தா, மூணாவது ஆள் ஒருத்தன் சத்தமே காட்டாம எல்லாத்தையும் படிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். மீதிப் பணம் அனுப்பற நேரம் வந்ததும், பட்டறை பேரு மாதிரியே ஒரு டொமைன் வாங்கி (ஆங்கில 'எம்' இருக்கிற இடத்துல 'ஆர்', 'என்' ரெண்டையும் ஒட்டிப் போட்டா சின்ன எழுத்துல வித்தியாசமே தெரியாது), 'பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சுங்க, இனிமே இதுல போடுங்க'ன்னு ஒரு மெயில் போடுவான். பழைய மெயிலெல்லாம் கீழேயே தொங்கும், அளவு சரியா இருக்கும், விநாயகருக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம் திரும்பணும்னு பேசினது கூட இருக்கும். யாருக்கு சந்தேகம் வரும்? இந்த வகை மோசடிக்கு ஆங்கிலத்துல பிஇசி-ன்னு பேரு. அமெரிக்காவுல எஃப்பிஐ-கிட்ட 2023-ல வந்த புகார்கள்ல மட்டும் இதால போன பணம் சுமார் 290 கோடி டாலர். பறிகொடுத்தவங்க பெரும்பாலும் சிசி, பிசிசி தெரியாதவங்க இல்லை, தினமும் மெயில்லயே குடித்தனம் பண்ற கம்பெனிக்காரங்க. அக்கவுன்ட் மாறிடுச்சுன்னு மெயில் வந்தா முதல் வேலை, ஏற்கெனவே தெரிஞ்ச நம்பருக்குப் போன் போட்டுக் கேக்கிறது (அந்த மெயில்ல குடுத்திருக்கிற நம்பருக்கு இல்லை). பணம் போயிடுச்சுன்னு தெரிஞ்சா சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்க. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

அதே மாமல்லபுரத்துல ஒத்தவாடைத் தெருவுல தங்கும் விடுதி நடத்தறவங்களுக்கு இன்னொரு சொல்லும் தேவைப்படும்: ஏலியாஸ். சில ரூம் புக்கிங் தளங்கள் விருந்தாளியோட நிஜ மெயிலைத் தராது. கன்னாபின்னான்னு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு அட்ரஸ் வரும், அதுக்கு எழுதினா தளம் வாங்கி உரியவருக்கு அனுப்பிடும். இடது பக்கம் கிறுக்கலா இருக்கேன்னு பயப்பட வேண்டாம், வலது பக்கம் அந்தத் தளத்தோட டொமைன் சரியா இருக்கான்னு பாருங்க. இடது பக்கம் அழகா 'ரிசர்வேஷன் மேனேஜர்'னு இருந்து வலது பக்கம் சம்பந்தமில்லாத பேரு இருந்தாத்தான் பயப்படணும்.

வாட்ஸ்அப் வந்தாச்சு, மெயிலே செத்துப்போச்சு, இதெல்லாம் எதுக்குன்னு சொல்றவங்களும் உண்டு. பேசிக்கிறதுக்கு மெயில் குறைஞ்சிருக்கலாம், ஒத்துக்கறேன். ஆனா டிஎன்பிஎஸ்சி-யில ஒரு முறைப் பதிவு பண்றதுக்கு மெயில் ஐடி கேக்கறாங்க. பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்ல விண்ணப்பிக்கவும் அதே கதை. எந்தத் தளத்துல பாஸ்வேர்டு மறந்தாலும் புதுசு போட லிங்க் வர்றது பெரும்பாலும் மெயிலுக்குத்தான். அதனாலதான் பிரவுசிங் சென்டர்ல 'ஒரு ஐடி போட்டுக் குடுங்கண்ணே'ன்னு கேட்டு வாங்குற பழக்கம் எனக்குக் கவலையா இருக்கு. அண்ணன் நல்லவராவே இருக்கட்டும். ரிக்கவரி நம்பர்னு ஒண்ணு கேட்கும், அவசரத்துல அவர் நம்பரையே போட்டிருப்பார். பாஸ்வேர்டு மறந்துச்சுன்னா ஓடிபி போறது அவருக்கு. நாலு வருஷம் கழிச்சு ஹால் டிக்கெட் வர்ற நேரத்துல அந்த நம்பரே இருக்காது. போதாக்குறைக்கு, ரெண்டு வருஷம் தொடாத அக்கவுன்ட்டை அழிச்சிடலாம்னு கூகுள் விதி போட்டு, 2023 டிசம்பர்லேருந்து நடைமுறைக்கும் கொண்டு வந்தாச்சு. இலவச மெயில்ல வலது பக்கம் என்னைக்குமே நம்ம கையில இல்லை, இடது பக்கம் மட்டும்தான் நமக்கு. அதுக்கும் ரிக்கவரி நம்பர் அடுத்தவரோடதுன்னா நம்மகிட்ட என்ன மிச்சம்?

கடைசியா, சொந்த டொமைன் வாங்கிடலாமான்னு யோசிக்கிற பட்டறைக்காரங்களுக்கும் விடுதிக்காரங்களுக்கும். வாங்கலாம், நல்ல யோசனை. சின்னத் தொழிலுக்கு வருஷத்துக்குப் பெரிய செலவும் இல்லை. வாங்கினா ஜோஹோவோ கூகுளோ பின்னாடி யாரை வேணா வெச்சுக்கலாம், பிடிக்கலைன்னா மாத்திக்கலாம், அட்ரஸ் உங்களோடது. ஆனா வெப்சைட் போட்டுக் குடுக்கிற தம்பி தன் பேர்ல பதிவு பண்ணிட்டார்னா, சட்டப்படி அது யாருதுன்னு பின்னாடி பஞ்சாயத்து வைக்க வேண்டியிருக்கும். ரெஜிஸ்ட்ரார் பக்கத்துல உங்க பேரு, உங்க போன் இருக்கான்னு முதல் நாளே பாருங்க. இன்னொண்ணு, டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வருஷா வருஷம் நோட்டீஸ் வருமே, அது எந்த மெயிலுக்கு வருதுன்னும் பாருங்க. நிறைய பேரு புது டொமைன்ல போட்ட அட்ரஸையே பெருமையா அங்கேயும் குடுத்துடறாங்க. கெடு தாண்டி டொமைன் நின்னுபோச்சுன்னா அந்தப் பெட்டியும் கூடவே நின்னுடும், 'சீக்கிரம் கட்டுங்க'ன்னு ரெஜிஸ்ட்ரார் அனுப்புற கடைசி நோட்டீஸும் அதுக்குள்ளதான் வந்து சேர வேண்டியிருக்கும். அங்கே மட்டும் ஒரு ஜிமெயில் அட்ரஸைக் குடுத்து வைங்க.